காசு கொடுத்து வாங்கிய களை

திண்டுக்கல்லில் இன்றைக்கு வாசலில் பெரணித் தொட்டி தொங்கினால் அது வசதியான வீடு. நான் டவுசர் போட்ட காலத்தில் பெரணி முளைத்த வீடு சோம்பேறிகளின் வீடு. கிணற்றுச் சுவரிலோ, துவைகல் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலோ பச்சையாக எதுவும் எட்டிப் பார்த்தால் அந்த வீட்டு மருமகள் சரியில்லை என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும். நாகல் நகரில் எங்கள் அப்பத்தா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் ஆள் வைத்துக் கிணற்றுச் சுவரைச் சுரண்டச் சொல்லும். "பூக்காது, காய்க்காது, மாடும் திங்காது. இதுக்கு என்னத்துக்குடா தண்ணி?" நியாயமான கேள்விதான். தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லி இந்த ஊரில் பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் உண்டு. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களிடம் போய் அழகுச் செடி பற்றிப் பேச முடியுமா?

சுரண்டியது அடுத்த மழைக்கு அதே இடத்தில் வந்து நிற்கும். யாரும் நடவில்லை, யாரும் உரம் வைக்கவில்லை. டெரிஸ் விட்டாட்டா என்பது அதன் தாவரவியல் பெயர். பழைய சுண்ணாம்புக் காரையின் விரிசல் அதற்கு மிகவும் பிடித்த இடம். 2001இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதே செடியைப் பற்றி எழுதினார்கள். மண்ணில் கிடக்கும் ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துவைக்கிறதாம். அதன்பின் நஞ்சேறிய நிலத்தைச் சுத்தம் செய்ய வெளிநாடுகளில் இதை வேலை மெனக்கெட்டு நட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊருக்குப் பிரச்சினை ஆர்சனிக் அல்ல; தோல் ஷாப்புகளின் கழிவால் நிலத்தடி நீரில் இறங்கிய குரோமியம். ஆனாலும் சுரண்டுகத்தியோடு அதைத் துரத்தித் திரிந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெரணியைக் கொண்டாடியவர்கள் எல்லாம் மலையேறித்தான் தேடினார்கள். இங்கிலாந்தில் சீமாட்டிகள் பெரணி சேகரிக்கும் பித்துப் பிடித்து அலைந்தார்கள். சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் அந்தப் பித்துக்கு ஒரு பெயரே சூட்டினார். சென்னை மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த பெட்டோம், தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு 1863–64இல் நூலாக்கினார். நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் பழனி மலைத்தொடரின் பெரணிகளுக்கென்றே பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் பாதிரியார் வி. எஸ். மாணிக்கம் 1986இல் தனி நூல் எழுதினார். மலைப் பெரணிக்கு இத்தனை மரியாதை. கிணற்றுப் பெரணிக்குச் சுரண்டுகத்தி.

பிறகு கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடினோம். போர் போட்டோம். துவைகல் போய் வாஷிங்மெஷின் வந்தது. வாய்க்கால் குழாய்க்குள் போனது. கசிவு என்று ஒன்று இல்லாத வீடு, பெரணியும் இல்லை. இனிச் சுரண்டுவதற்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியான அந்த நேரத்தில்தான், மருமகள் நர்சரிக்குப் போய் 'போஸ்டன் ஃபெர்ன்' வாங்கி வந்தாள்.

"மெயின்டனன்ஸே கிடையாது சார், வச்சிட்டு மறந்துரலாம்" என்றார் நர்சரிக்காரர். மறக்கத்தான் முடியவில்லை. பங்குனி பிறந்ததும் இலை நுனி கருகியது. போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றார்கள். கேன் தண்ணீர் ஊற்றினோம். வெயில் ஆகாது என்றார்கள். ஷேட் நெட் கட்டினோம். காற்றில் ஈரம் வேண்டும் என்றார்கள். காலையும் மாலையும் ஸ்பிரே பாட்டிலால் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்தோம். கோடையில் இந்த வீட்டில் அதைவிட நன்றாகக் கவனிக்கப்பட்டவர் யாருமில்லை; நான் உட்பட. துணைக்கு வாங்கிய வாள் பெரணியின் இலையடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வேப்பெண்ணெயோடு வந்து நின்றார். பூச்சி என்றே முடிவு கட்டிவிட்டார். அவை வித்துப் பைகள். பூவும் விதையும் இல்லாத செடிக்கு அதுதான் வம்சம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் பாதி இலை குளித்துவிட்டது.

இதற்கிடையில் சந்துப் பக்கம், ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில், காரை பெயர்ந்த சுவரில் அந்தப் பழைய ஆள் தானாகவே முளைத்திருந்தான். வித்து காற்றில் வரும். ஈரம் இருந்தால் போதும். ஏசி தண்ணீரில் உப்பும் கிடையாது. மருமகள் அதைப் போட்டோ எடுத்து, "மாமா, இது நர்சரியில கிடைக்குமா?" என்று கேட்டாள்.

மாடும் தின்னாது என்று சொன்ன அப்பத்தா, வயல் வரப்பிலிருந்து பறித்து வந்து எங்களுக்குக் கடைந்து போட்ட ஆரைக்கீரையும் பெரணிதான். நான்கு இலையோடு சேற்றில் கிடக்கும். குளம் வற்றினால் அதன் வித்துக்காய் கெட்டியாக மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருந்து, தண்ணீர் பட்டதும் முளைக்கும். திண்டுக்கல் குளங்களுக்கு என்றே பிறந்த செடி. நெல்லில் களை என்று பிடுங்கினோம். இன்று அதைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் விற்கிறார்கள். கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு, ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்குமே, அதுவும் பெரணியின் தண்டு. ஆட்டுக்கறி பிரியாணிக்குப் பேர் போன இந்த ஊரில், முழங்கால் வலிக்காரர்கள் அதைச் சைவ ஆட்டுக்கால் சூப் என்று வாங்கிக் குடிக்கிறார்கள். வலி போனதா என்று கேட்டால் ருசி நன்றாக இருந்தது என்கிறார்கள்.

கொடைக்கானல் போய் வரும்போது சாலையோரத்துப் பெரணியைப் பிடுங்கிக் காரில் போட்டு வராதீர்கள். சித்திரை வெயிலில் அது தாங்காது, மலையும் மொட்டையாகும். ஏசி குழாய் சொட்டும் இடத்தில் நிழலாக ஒரு தொட்டி வையுங்கள். தென்னை நார்க்கழிவும் மட்கிய இலையும் போட்டு, தெரிந்த வீட்டிலிருந்து வாள் பெரணி ஒரு கொத்து கேட்டு வாங்கி நடுங்கள். பக்கத்திலேயே தானாகப் பரவும். ஒரு பழைய டப்பில் குளத்து வண்டலும் தண்ணீரும் விட்டு ஆரைக்கீரையைப் போடுங்கள். ஏசியை அணைக்கும் ஐப்பசியில் மழை வந்துவிடும். இந்த ஊர் மழையில் பெரும்பங்கு அந்தப் பருவத்தில்தான் பெய்கிறது.