மாடியில் ஒரு பிளாக்பெர்ரி

அக்னித் தலத்தில் குடியிருந்துகொண்டு குளிர்தேசத்துப் பழத்துக்கு ஆசைப்பட்டவன் நான். மே மாத மதியத்தில் திருவண்ணாமலை மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு அந்த ஆசையின் லட்சணம் புரியும்.

கிளப்பிவிட்டது ‘பேபி கேக்ஸ்’ என்ற பிளாக்பெர்ரி ரகத்தின் படம். முள் கிடையாது, பந்தல் வேண்டாம், மூன்று நான்கு அடிதான் வளரும், தொட்டி போதும். அதுவரை படித்துவிட்டு மூடிவைத்தேன். விஷயமே அதற்கடுத்த பத்தியில்தான் இருந்தது. பிளாக்பெர்ரிக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். இங்கே மார்கழி விடியலில் 18 டிகிரி என்றாலே நான் மப்ளர் தேடுகிற ஆள். ஊட்டி 2,200 மீட்டர் உயரம். அங்கே இதன் பங்காளிச் செடிகள் புதரோரம் தானாகக் காய்க்கின்றன. நம் மலையுச்சிக்கே தூக்கிப் போனாலும் சுமார் 800 மீட்டர்தான். தவிர, அங்கே ஏற்றுவது தீபம்.

அந்தப் பத்தியைப் படிக்காமலே தபாலில் ஒரு குட்டை ரகக் கன்றை வரவழைத்தேன். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், நிழல்வலை என்று ராஜ உபசாரம். கத்திரி தொடங்கியதும் தினமும் வேரில் ஐஸ் கட்டி வைத்தேன். வந்த விருந்தாளிக்கு எலுமிச்சை ஜூஸில் போட ஐஸ் இல்லை. “அடுத்து ஏசி மாட்டிடலாமா?” என்றாள் மனைவி. அதற்குள் கன்று விறகாகிவிட்டது.

பிறகு தெருவில் செடி விற்க வந்த டெம்போக்காரரிடம் கேட்டேன். “பிளாக்பெர்ரியா? இருக்கே!” என்றார். நட்டதும் கிடுகிடுவென்று வளர்ந்தது. கிளையைக் கவாத்து பண்ணினால் துளிரோடு காயும் வந்தது. பச்சை சிவந்து, கறுத்து, குரங்குகளுக்குப் போக எனக்கும் கொஞ்சம் மிஞ்சியது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். எதிர்வீட்டு சாருக்கு மண் கலவை பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அக்னித் தலத்தில் இவ்வளவு சுகமாக வளர்கிறதே என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த தர்மபுரிச் சித்தப்பா மாடியேறினார். பட்டுப்புழு வளர்ப்பவர். ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். “டேய், இது மல்பெரிடா. இதைத்தான் கட்டுக்கட்டா வெட்டிப் புழுவுக்குப் போடறோம். நீ என்ன, இதுக்குப் போர்டு எழுதி வச்சிருக்க?”

பிறகுதான் உற்றுப் பார்த்தேன். பிளாக்பெர்ரி ரோஜாக் குடும்பம். ஒரு காம்பில் மூன்று, ஐந்து என்று சிற்றிலைகள் இருக்கும். என் செடியில் ஒற்றை அகல இலை. பிளாக்பெர்ரியில் ஒரே பூவிலிருந்து ஒரு பழம். மல்பெரியில் பூங்கொத்து முழுவதும் சேர்ந்து ஒரு பழமாகத் திரளும், பறித்தால் பச்சைக் காம்பும் கூடவே வரும். நான் அந்தக் காம்பைக் கிள்ளியெறிந்துவிட்டுத்தான் போட்டோ எடுத்திருக்கிறேன், அழகுக்காக.

சித்தப்பா ஊருக்குப் போனதும் போர்டைக் கழற்றப் போனேன். கீழே காலிங்பெல். எதிர்வீட்டு சார்.

“பிளாக்பெர்ரியில ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்களேன்.”

கொடுத்தேன். மல்பெரி குச்சி நட்டாலே வேர் விட்டுவிடும். அவர் வீட்டில் என்னுடையதைவிட நன்றாகக் காய்க்கிறது. இப்போது தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் அவர்தான் குச்சி கொடுக்கிறார், என் மண் கலவைக் குறிப்போடு.