சர்வர் சாமி, ஒரு வெப்சைட்!

சர்வர் என்றால் ஏசி அறையில் கண்சிமிட்டும் பெட்டிகள்தானே? என் பழைய கம்ப்யூட்டர் அதற்குத் தாங்குமா? (விருதுநகர் வாசகர்)

தாராளமாக. சர்வர் என்பது பெட்டியின் பெயரல்ல, வேலையின் பெயர். ஹோட்டலில் நாம் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவரும் சர்வர். பிரவுசர் கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கும் புரோகிராமும் சர்வர். 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் சர்வரை ஓடவிட்டது, செர்ன் ஆய்வகத்தில் அவர் மேஜையில் இருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில்தான். யாரும் அணைத்துவிடக் கூடாதென்று சிவப்பு மையில் எழுதி அதில் ஒட்டியும் வைத்தார். உங்கள் வீட்டிலும் ஒட்டுங்கள். பெருக்க வருபவர் பிளக்கைப் பிடுங்கினால் வெப்சைட் காலி.

எங்கிருந்து தொடங்குவது? (பொள்ளாச்சி வாசகி)

விண்டோஸ் என்றால் ‘எக்ஸாம்ப்’ எளிது, இலவசம். அப்பாச்சி சர்வர், மரியாடிபி, பிஎச்பி, பெர்ல் நான்கும் ஒரே பொட்டலமாக வரும். கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சிக்கு நேரே ‘ஸ்டார்ட்’ அழுத்துங்கள். ‘ஹெச்டிடாக்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்களுக்கென ஒரு ஃபோல்டர் போட்டு, ‘இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல்’ என்ற ஃபைலை வையுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு ஸ்லாஷ், ஃபோல்டர் பெயர். அவ்வளவுதான், சாப்பாடு தயார்.

அப்பாச்சி ஸ்டார்ட் ஆவேனா என்கிறது. சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. (தஞ்சை வாசகர்)

பெரும்பாலும் போர்ட் தகராறு. வெப் சர்வர் வழக்கமாக உட்காரும் 80-ஆம் எண் போர்ட்டில் வேறொரு புரோகிராம் முன்பே துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும். சண்டை வேண்டாம். அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் ‘லிசன்’ வரியில் 80-ஐ 8080 ஆக்கி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். முகவரியிலும் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பின்னால் முக்காற்புள்ளியோடு 8080 சேர்க்க மறக்காதீர்கள்.

லோக்கல்ஹோஸ்ட் லிங்க்கை நண்பனுக்கு அனுப்பினேன். ஒன்றுமே வரவில்லையாம். (ஈரோடு வாசகர்)

வராது. லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1, கம்ப்யூட்டர் பாஷையில் ‘நான்’. நீங்கள் சொன்னால் நீங்கள், அவர் சொன்னால் அவர். பாவம், அவர் கம்ப்யூட்டர் உங்கள் வெப்சைட்டைத் தன் வயிற்றுக்குள்ளேயே தேடியிருக்கிறது! முதலில் வீட்டிலுள்ள போனில் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக்’ அடித்தால் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் கிடைக்கும். அதே வைஃபையில் இருக்கும் போனில், லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் அந்த எண்ணை அடியுங்கள். ஃபயர்வால் அனுமதி கேட்டால், வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள்.

வெளியிலிருந்து வருவோரை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும், வெளியூரிலிருந்து திறக்கவில்லையே? (நாகர்கோவில் வாசகர்)

ரௌட்டரின் வெளிப்பக்க (‘வேன்’) ஐபி எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் லாட்ஜ்வாசி. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அதனால் இன்டர்நெட் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் குடிவைக்கின்றன. வாசல் சாவி லாட்ஜ்காரரிடம் இருக்க, நீங்கள் அறைக் கதவைத் திறந்து என்ன பயன்? தனி ஐபி கேட்டு வாங்கலாம், கூடுதல் கட்டணம் இருக்கலாம்.

நம் வீட்டு சர்வரை யார் சார் ஹேக் செய்யப் போகிறார்கள்? (சேலம் வாசகி)

யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். தெருவில் எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிற தானியங்கி நிரல்கள் வரும். எக்ஸாம்ப் கற்றுக்கொள்வதற்காகச் செய்தது. அதன் டேட்டாபேஸ் நிர்வாகிக்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்டே கிடையாது. அதை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது, பீரோவைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம்.

நாள் முழுக்க ஓடினால் கரண்ட் பில்? (திருவள்ளூர் வாசகர்)

100 வாட் கம்ப்யூட்டர் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை அதுவே விழுங்கிவிடும். 5 வாட்டில் ஓடும் ராஸ்பெரி பை மாதிரிக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு இரண்டு மாதத்துக்குச் சுமார் 7 யூனிட் போதும்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: வீட்டு சர்வர் வேண்டுமா, வேண்டாமா? (மதுரை வாசகி)

சமைக்கக் கற்க வீட்டு அடுப்பு போதும். ஊருக்கே பந்தி போடுவதென்றால் வாடகைக்கு ஹோஸ்டிங் எடுங்கள்.