ஒலி எழுப்பவும்

அப்பா பென்ஷனுக்காக வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், தாம் உயிரோடு இருப்பதை நேரில் காட்டிவிட்டு வருவார். என் ஜீப்புக்கும் அதே விதிதான். வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டினால் போதும், எட்டைத் தாண்டிவிட்டால் வருடாவருடம். என் ஜீப் எட்டைத் தாண்டியபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது மகள் எட்டாவது படிக்கிறாள்.

கொடைக்கானலிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வத்தலக்குண்டுப் பக்கம் மலையிறங்க வேண்டும். அத்தனை வளைவையும் ஒடித்துத் திருப்பி, முன்னால் போகிற பஸ்ஸின் முதுகில் முட்டாமல் கீழே வந்து சேர்ந்துவிட்டாலே பிரேக் நன்றாயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதை எழுதிக்கொள்ள எஃப்.சி. படிவம் 38-இல் இடம் கிடையாது. சமதரையில் மெதுவாக ஓட்டச் சொல்லி, "பிடிங்க" என்பார் பிரேக் இன்ஸ்பெக்டர். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசாங்கம் வைத்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு மாதம் முன்பே பட்டறைக்குப் போய்விடுவேன்.

"பாய், எஃப்.சி. வருது."

"வரட்டும். போன வருஷமும்தான் வந்துச்சு."

பாய் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் பேசுவார். முகம் தெரியாது, செலவு மட்டும் ஒவ்வொன்றாக வெளியே வரும். வீல் சிலிண்டர் கசியுது. டை ராடு எண்ட் ஆடுது. பின்பக்கம் ஒரு பட்டை உடைஞ்சிருக்கு. இந்த மாதிரிப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் சுற்றுகிற ஷாஃப்டைப் பிடிக்கும். என்னுடையது அங்கே ஒழுகும் ஆயிலில் வருடக்கணக்காகக் குளித்து, எதன்மீதும் பற்றில்லாத நிலையை அடைந்திருந்தது.

டயர் விஷயத்தில்தான் சபலம் வந்தது. ஸ்டாண்டில் ஒரு நண்பர், "என் டயரை மாட்டிக்கிட்டுப் போ, சாயங்காலம் கழட்டிக் குடு" என்றார். பாயிடம் சொன்னேன். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "டயர் அவனுது. உசுரு யாருது?" நான்கும் புதுசாக வாங்கினேன். வீட்டில் இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

மற்றவை சில்லறை வேலைகள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். புகைச் சான்று, இன்சூரன்ஸ், முதலுதவிப் பெட்டி. சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்க வேண்டும். துருவுக்கு நடுவே அது 3-ஆ 8-ஆ என்று எனக்கும் பென்சிலுக்கும் வருடாவருடம் தகராறு.

எஃப்.சி. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கினார். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆள் ஏற்றும் ஜீப்புக்குள் அந்த வாசனை எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

பிரேக் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கும் பிடித்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நான்கு சக்கரமும் இழுப்பதுதானே இந்த வம்சத்தின் பெருமை? 1941-இல் அமெரிக்க ராணுவம் இதன் பாட்டனைச் செய்து வாங்கியதே அதற்காகத்தான். மன்னவனூர்ச் சேற்றில் அந்தக் குட்டி லீவரைப் போட்டதும் முன்சக்கரம் மண்ணைக் கவ்வி ஏறுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு இன்ஸ்பெக்டர்கூட அந்த லீவரைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆதங்கத்தில் நானே வாயைத் திறந்தேன்.

"சார், ஃபோர் வீல் சூப்பரா இழுக்கும்."

"ஹாரன் அடிங்க."

அமுக்கினேன். சத்தமில்லை. எனக்குத் தெரிந்த வியாதிதான்.

"ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம் ஒடிச்சா அடிக்கும் சார்."

"நேரா போகும்போது எதிர்ல வர்றவன் என்ன பண்ணுவான்?"

நியாயமான கேள்வி. சரிபண்ணிக்கொண்டு வரச் சொன்னார். வெளியே புளியமரத்தடியில் ஒரு எலெக்ட்ரீஷியன் பையன் பத்தே நிமிடத்தில் எங்கிருந்தோ எங்கேயோ ஒரு ஒயரை இழுத்துக் கட்டினான். அமுக்கினால் அடித்தது, விட்டால் நின்றது. எஃப்.சி. கையில் வந்துவிட்டது.

மலையேறும்போது முதல் இடது வளைவில், நான் கை வைக்காமலே ஹாரன் அலறியது. ஸ்டியரிங் நேரானதும் நின்றது. அடுத்த இடது வளைவில் மறுபடியும். வளைவுக்கு வளைவு 'ஒலி எழுப்பவும்' என்று பலகை நிற்கிறது. இடப்பக்கப் பலகைகளுக்கெல்லாம் ஜீப் தானாகவே கீழ்ப்படிந்தது. வலப்பக்கத்துக்கு மட்டும் நான் அமுக்கினேன்.

பெருமாள்மலை டீக்கடையில் இறங்குவதற்குள் கிளாசை நீட்டிவிட்டார் கடைக்காரர்.

"எப்பிடிண்ணே, நான் வர்றது தெரிஞ்சுச்சு?"

"நீ கீழ ஊத்து வளைவுல திரும்பறப்பவே கேட்டுச்சு. அப்பவே போட்டுட்டேன்."