முளைவிட்ட வெங்காயத்துக்கு ஒரு வக்காலத்து

ஐப்பசியில் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக் கூடையில் போட்டு வைத்தால், மாதக் கடைசிக்குள் கொஞ்சம் அழுகும், கொஞ்சம் முளைக்கும், மிச்சம்தான் சாம்பாருக்கு. அழுகியதைத் தூக்கி எறிவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. முளைத்ததையும் கூடவே எறிகிறோமே, அதற்குத்தான் இந்த வக்காலத்து. சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயையே நட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 1,500 கிலோ விதை வெங்காயம் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. பெரம்பலூர் விவசாயி இதைக் காசு கொடுத்து வாங்குகிறார். அறுத்த உடனே நட்டால் சரியாக முளைக்காது என்று இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து பிறகு நடுகிறார். அவர் காத்திருந்து பெறுகிற முளை நம் வீட்டுக் கூடைக்குத் தானாக வந்து சேர்கிறது. நாம் மூக்கைச் சுளிக்கிறோம்.

நடும்வரை வைத்திருப்பது எப்படி என்று தோட்டப் புத்தகங்களைப் புரட்டினால் விதை வெங்காயத்தைக் குளிரில் எப்படிக் காப்பது என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். அவை குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே சிக்கல் உண்மையானதுதான். அவர்கள் ஊர்ப் பெரிய வெங்காயம் உறைநிலையை ஒட்டி இருந்தாலும் தூங்கும், 25 டிகிரிக்கு மேல் இருந்தாலும் தூங்கும். இரண்டுக்கும் நடுவே, ஐந்து பத்து டிகிரியில், வாரக்கணக்கில் கிடந்தால் குளிர்காலம் போய்விட்டது என்று நம்பிவிடும். நட்டதும் பூத்தண்டு விட்டுக் காயைக் கோட்டை விடும். இதைத் தடுக்கவே ஐரோப்பாவில் விதை வெங்காயத்தைச் சூடான அறையில் வாரக்கணக்கில் வைத்து விற்கிறார்கள். அந்த வேலையைத் திருவொற்றியூர்ப் பரண் கரண்ட் பில் இல்லாமல் செய்கிறது. மார்கழியில் இருபது டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லா மாட்டுகிற ஊரில் குளிருக்கு வெங்காயம் ஏன் பயப்பட வேண்டும்? ‘ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்திரமாக இருக்குமே’ என்பார்கள். புத்தகங்கள் எச்சரிக்கும் குளிரை வீட்டுக்குள் வாங்கி வைத்திருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டிதான். சின்ன வெங்காயம் லேசில் பூக்காது என்றாலும், உள்ளேயிருக்கிற ஈரம் அதைச் சும்மா விடாது.

நமக்கு எதிரி ஈரம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் துணியே காய்வதில்லை, வெங்காயம் எப்படிக் காயும்? பெரம்பலூர்க்காரர்கள் இதற்குப் பட்டறை போடுகிறார்கள்: கீழே கல் அடுக்கி, மேலே குச்சி பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, கூரை வேய்ந்த ஒடுக்கமான மேடை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அந்த ஒடுக்கம். பட்டறை போட லைன் வீட்டில் இடம் ஏது என்று கேட்பது நியாயம். ஆனால் காசிமேட்டில் கிழிந்த வலைக்குப் பஞ்சமா? ஒரு முழத் துண்டில் இரண்டு கிலோவைத் தளர்வாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டால் நாலு பக்கமும் காற்று. வாரம் ஒருமுறை கையால் தடவிப் பார்த்து, மெத்தென்று அமுங்குவதை எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டுதான் போகும். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைப்பவர்களுக்காக என்னால் வாதாட முடியாது.

அடுத்த ஆட்சேபம் இடம். வடசென்னையில் மண் இல்லை, இருக்கிற மண்ணும் எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிச் சாம்பல் விழுந்த மண். இதை மறுக்கப் போவதில்லை. விறகுச் சாம்பல் உரமாயிற்றே என்ற நினைப்பில் அனல்மின் நிலையச் சாம்பலை வரவேற்கவும் வேண்டாம். அதில் கன உலோகங்கள் உண்டு. ஆனால் இந்த ஆட்சேபமே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. மண் சரியில்லாத ஊரில்தான் பெட்டி வேண்டும். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியின் அடியில் நாலு ஓட்டை போட்டு, தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் நிரப்பினால், எண்ணூர் மண்ணுக்கும் பயிருக்கும் சம்பந்தமே இல்லை. மொட்டை மாடித் தளம் கொதித்தாலும் வேர் வரைக்கும் சூடு ஏறாது. மழை ஓய்ந்த தையில், விரல் நீள இடைவெளியில், வேர்ப் பக்கம் கீழாக, கழுத்து வெளியே தெரிய ஊன்ற வேண்டும். ஆழமாகப் புதைப்பது அடக்கம் செய்வதாகும். எழுபது நாளுக்குள் ஒவ்வொன்றும் நாலைந்தாகப் பிரிந்திருக்கும். தாளை இடையிடையே கிள்ளிக்கொண்டே இருந்தால் காய் சிறுத்துப்போகும், ஆம்லெட் பெருத்துவிடும். எது வேண்டும் என்பது குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டிய வழக்கு. தாளைக் கழுவித்தான் நறுக்க வேண்டும், சாம்பல் சுமந்து வரும் காற்றை யாரும் வடிகட்டவில்லை. வஞ்சிரம் வந்த பெட்டி என்றால் முதல் சில நாட்களுக்குப் பூனையும் தோட்டக்கலையில் ஆர்வம் காட்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். உப்பைத் தாங்காத பயிர்களில் வெங்காயம் முன்வரிசை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை, கடலோர போர் தண்ணீரை நம்பக் கூடாது. காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அவ்வளவு பாடுபட்டு உப்பு நீக்கிய நீரில் அரிசி களைந்து சாக்கடையில் ஊற்றுவதற்கு, பெட்டியில் ஊற்றலாம்.

கடைசியாக வருவது பொருளாதார நிபுணர். ‘கடையில் வாங்கிவிட்டுப் போகலாமே, இதற்கு இத்தனை பாடா?’ விலை அடங்கியிருக்கும் மாதத்தில் அவர் சொல்வது சரி. 2019 டிசம்பரில் எகிப்து வெங்காயமும் துருக்கி வெங்காயமும் கப்பலேறி வந்தபோது இந்த நிபுணர்களைக் காணோம். மறு ஆண்டு ஏற்றுமதித் தடை வந்தது. அந்த அக்டோபரில் பெங்களூரு ரோஸுக்கும் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் விலக்கு கொடுத்தார்கள், அதுவும் சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும். ஆக, ராயபுரத்துக்காரர் தலைமாட்டிலேயே அத்தனையும் கப்பலேற அனுமதி கிடைத்தது, அவர் அரைக் கிலோவுக்கு யோசித்துக்கொண்டு நின்றார். ஒரு பெட்டி வெங்காயம் அந்த விலையை இறக்கிவிடாது. சில நாள் சாம்பாருக்கு வரும், அவ்வளவுதான். இதற்கு மேல் கணக்குக் கேட்பவர் துளசி மாடத்துக்கும் வரவு செலவு எழுதுபவராக இருக்க வேண்டும். ‘தளம் ஒழுகும்’ என்கிற வீட்டுக்காரருக்கு மட்டும் பெட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துக் காட்டிவிட்டு, முதல் கட்டுத் தாளை அவர் வீட்டில் கொடுத்துவிடுவது நல்லது. வாடகையில் குறைப்பார் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.