அறிவிப்பு இலாகாவின் சமூகத்துக்கு ஒரு குமாஸ்தாவின் விண்ணப்பம்

மேன்மை பொருந்திய, அலுவலகச் செய்திச் செயலியின் அறிவிப்பு இலாகாவைப் பரிபாலிக்கும் அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு,

சென்னை, தம்புச்செட்டித் தெருவில், மூன்றாம் மாடியில், ஜன்னலிலிருந்து இரண்டாவது மேஜையில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கெழுதி ஜீவிக்கும் அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தைத் தங்கள் செயலியின் வாயிலாகவே விசாரித்திருக்கலாமே என்று தாங்கள் வினவக்கூடும். விசாரித்தால் அது தங்கள் செவிக்கு எட்டாமல் போய்விடுமோ என்ற அச்சத்தினாலேயே காகிதத்தையும் பேனாவையும் நாடினேன்.

எங்கள் அலுவலகத்தில் முன்பு ஒரு பியூன் இருந்தார். முதலாளி அழைத்தால் அவர் என் மேஜையருகே வந்து நிற்பார். நான் கூட்டல் நடுவில் இருந்தால் அந்தப் பத்தி முடியும்வரை பொறுத்திருப்பார். அப்புறமும் நான் நிமிரவில்லையென்றால் ஒரு தடவை இருமுவார். இருமலும் பலிக்கவில்லையென்றால், "சார், பெரியவர் ரெண்டு தடவை கேட்டுட்டார்" என்பார். அந்த இரண்டாவது தடவை பெரும்பாலும் அவருடைய சொந்தக் கற்பனை என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எழுந்து போவோம். அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு ரோஜா மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து வழியனுப்பிவிட்டு, அவர் வகித்த ஸ்தானத்தைத் தங்கள் செயலிக்கு அளித்தோம். செயலிக்கு இருமத் தெரியுமா என்று அன்று யாரும் விசாரிக்கவில்லை. அது எங்கள் பிழை.

சென்ற ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி நடந்ததைச் சொல்லுகிறேன். ஜி.எஸ்.டி. என்னும் வரியோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத பாக்கியவான்களுக்கு ஒரு வார்த்தை: மாதந்தோறும் 3பி என்றொரு கணக்கை மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் நாங்கள் தாக்கல் செய்தாக வேண்டும். சரக்கு விற்றவர் தம்முடைய கணக்கில் நம் பில்லைக் காட்டியிருந்தால்தான் அது 14-ஆம் தேதி வெளியாகும் 2பி பட்டியலில் ஏறும். ஏறிய பில்லுக்குத்தான் வரி வரவு எடுக்கலாம். 3பி-யின் விசேஷம் என்னவென்றால், ஒருமுறை தாக்கல் செய்துவிட்டால் அதைத் திரும்பப் பெறவோ திருத்தவோ இயலாது. செய்த பிழையை வரும் மாதத்துக் கணக்கில் சரிக்கட்ட வேண்டியதுதான். தகுதியில்லாத வரவை எடுத்துச் செலவும் செய்துவிட்டால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பைப் பற்றி நம் பெரியவர்கள் பேசியதெல்லாம் 3பி-யை மனத்தில் வைத்துத்தானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அன்று காலை 11.05-க்கு எங்கள் மேனேஜர், ஒரு பெரிய பில் பட்டியலில் ஏறவில்லை என்பதைக் கண்டுபிடித்து, அதை நீக்கும்வரை கணக்கைத் தாக்கல் செய்யவேண்டாம் என்று செயலியில் எழுதினார். நான் பகல் உணவுக்குப் பின், வெற்றிலை போட்ட திருப்தியோடு, சரியாக மூன்று மணிக்குத் தாக்கல் செய்தேன். நான்கு மணிக்கு மேனேஜர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். அவருடைய அறைக்கும் என் மேஜைக்கும் இடையே உள்ள தூரம் பதினைந்து அடி.

"சார், மெசேஜ் பார்க்கலையா?"

"எந்த மெசேஜ், சார்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சார் என்றே அழைத்துக்கொள்வோம். அவர் என் வயதுக்காக, நான் அவர் பதவிக்காக. இந்தப் பரஸ்பர மரியாதையும் எனக்கு எதிரான சாட்சியமாகப் பின்னால் வந்து நிற்கும் என்பதை அப்போது நான் அறியேன்.

அன்று மாலையே தங்கள் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். சந்தேகம் உள்ளவர்கள் மாதிரி அறிவிப்பு ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம் என்று அங்கே கண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். அடடா, அந்த மாதிரி அறிவிப்பு வந்த அழகை என்னவென்று சொல்லுவேன்! திரையின் வலது கீழ்க்கோடியிலிருந்து, மணியோசையோடு, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவரைப்போல் மிடுக்காக எழுந்து வந்து, தான் ஒரு மாதிரி என்று அறிவித்து, ஐந்து விநாடி நின்று மறைந்தது. பதினோரு தடவை அழுத்தினேன். பதினோரு தடவையும் வந்தது. சொல்லுவதற்கு ஒன்றுமில்லாத செய்தி தவறாமல் வருகிறது. சொல்லவேண்டியது இருக்கிற செய்திதான் வருவதில்லை. பிறகு விளங்கிற்று: அந்தச் சோதனை, செயலிக்கும் கணினிக்கும் நடுவே சாலை போட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறது, அந்தச் சாலையில் எத்தனை சுங்கச்சாவடிகள் என்று அது எண்ணுவதில்லை.

நான் எண்ணினேன். தங்கள் பக்கம் உபதேசித்தபடி வெளியேறி உள்ளே வந்து, தற்காலிகச் சேமிப்பைத் துடைத்து, கணினியை அணைத்து உயிர்ப்பித்து, செயலியையே நீக்கி மறுபடி பிரதிஷ்டை செய்து, இந்தப் பிராயச்சித்தங்கள் ஒன்றும் பலிக்காத பிற்பாடு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதையும் செலவிட்டு எண்ணினேன்.

முதற் சாவடியை நானே கட்டியிருந்தேன், அதை மறைப்பதற்கில்லை. பொதுக் குழுவில் பிறந்தநாள் கேக் வெட்டும் வைபவங்கள் பெருகி, ஒவ்வொரு துண்டுக்கும் மணி அடித்தபோது, என் பெயரைச் சொல்லி அழைத்தால் மட்டும் எனக்கு அறிவிக்கும்படி செயலிக்குக் கட்டளையிட்டிருந்தேன். தங்கள் சாஸ்திரத்தில் பெயர் சொல்லி அழைப்பதென்றால், பெயருக்கு முன்னால் வாலைச் சுருட்டிய ஒரு குறியை இட்டு, பெயரைப் பிசகாமல் எழுதுவது என்று அர்த்தமாம். எங்கள் மேனேஜரோ நல்ல குடும்பத்துப் பிள்ளை. "சார், ரிட்டர்னை இன்னிக்குப் போட வேண்டாம்" என்றுதான் எழுதியிருந்தார். தகப்பன் வயதுள்ளவனை அவர் எப்படிப் பெயர் சொல்லி அழைப்பார்? "ஏங்க" என்ற மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்த பெண்மணிகள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அழைத்தது யாரை என்பதில் எந்தக் கணவருக்கும் ஒருநாளும் மயக்கம் நேர்ந்ததில்லை. பெயரைத் தவிர்ப்பதே மரியாதை என்று வளர்ந்த ஒரு தேசத்தில், பெயர் சொல்லாதவனை அழைக்காதவனாகக் கருதும் ஓர் இயந்திரத்தைத் தாங்கள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

அடுத்த சாவடி தங்களுடையதன்று, கணினியை நடத்தும் இயங்குதளத்தாருடையது. ஆயினும் ஒரே சந்தையில் வியாபாரம் செய்கிறவர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அவர்கள் கருணையின் மிகுதியால், ஒருவன் திரை முழுவதையும் ஒரே ஜன்னலால் நிரப்பினால், அவன் விளையாட்டிலோ சினிமாவிலோ லயித்திருக்கிறான் என்று அனுமானித்து, ஒருவரும் அவனைத் தொந்தரவு செய்யாதபடி தாமாகவே கதவைச் சாத்துகிறார்கள். நாற்பது பத்திகள் கொண்ட கணக்குத் தாளை, என் கண்ணாடியின் சக்திக்கேற்ப, திரை நிறைய விரித்து வைத்திருப்பவன் நான். கிஸ்தியும் வட்டியும் பார்த்து நெற்றி சுருங்கியிருக்கும் என்னை உல்லாச புருஷன் என்று தீர்மானித்தவர்கள் இந்தப் பூலோகத்திலேயே அவர்கள் மட்டும்தான். என் மனைவிகூட அப்படி நினைத்ததில்லை.

கைப்பேசியிலாவது மணி அடித்திருக்கக்கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மேஜைக் கணினியில் ஒருவன் சுறுசுறுப்பாக இருக்கும்வரை கைப்பேசிக்கு அறிவிக்க வேண்டாம், அவன் கையை எடுத்துச் சற்று நேரம் சென்ற பிறகு அறிவித்தால் போதும் என்பது தங்கள் செயலியின் ஏற்பாடாம். நான் கணினியில் சுறுசுறுப்பாக இருந்தேன். ஆகையால் கணினி சொல்லியிருக்கும் என்று கைப்பேசி வாளாவிருந்தது. கணினியோ மேலே சொன்ன கருணையினால் வாளாவிருந்தது. எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவருக்கு, பெண் வீட்டார் பத்திரிகை வைத்திருப்பார்கள் என்று பிள்ளை வீட்டாரும், பிள்ளை வீட்டார் வைத்திருப்பார்கள் என்று பெண் வீட்டாரும் இருந்துவிட்டதால் கல்யாணத்துக்கு அழைப்பே போகாமல், அவர் பன்னிரண்டு வருஷம் இரு வீட்டாரோடும் பேசாமலிருந்த சரித்திரம் எனக்கு நினைவு வந்தது.

இவையெல்லாம் சில்லறை. கடைசியாக, என் சுயவிவரம் என்ற பக்கத்தின் அடியில், ஒருவரும் திறந்து பார்க்காத மூலையில், நேர மண்டலம் என்றொரு வரி இருந்தது. அதைப் பார்த்த பிறகு அன்று இரவு நான் சரியாக உண்ணவில்லை. என் கணக்கு முதன்முதலில் உண்டாக்கப்பட்டபோது, என்னை ஒரு வார்த்தை கேளாமல், அமெரிக்காவின் மேற்குக் கரை நேரம் எனக்கு விதிக்கப்பட்டிருந்தது. இரவு பத்து மணியிலிருந்து காலை எட்டு மணிவரை தொந்தரவு கூடாது என்பது தங்கள் செயலியின் நித்திரை விதி. எவ்வளவு மனிதாபிமானமான விதி! கோடைகாலத்தில் அந்தக் கரையைவிட நாங்கள் பன்னிரண்டரை மணி நேரம் முந்தியிருக்கிறோம். கணக்கெழுதுகிறவனுக்குக் கூட்டல் ஒரு சிரமமா? அங்கே இரவு பத்து என்றால் இங்கே காலை பத்தரை. அங்கே காலை எட்டு என்றால் இங்கே இரவு எட்டரை. அதாவது, பத்து மணிக்கு அலுவலகம் வந்து, மேஜையைத் துடைத்து, காபி குடித்து, பேனா மூடியைத் திறக்கும் தருணத்தில் தங்கள் செயலி எனக்குப் போர்வை போர்த்தித் தாலாட்டத் தொடங்கியிருக்கிறது. நான் வீடு திரும்பி, ரசம் சாதம் பிசையும் வேளையில் என்னைத் தட்டி எழுப்பியிருக்கிறது. இரண்டு வருஷங்களாக இரவு எட்டரைக்கு மேல் கைப்பேசி ஏன் அப்படிப் பிதற்றுகிறது என்று வீட்டில் கேட்டதற்கு, "ஆபீஸில் இப்போதுதான் எல்லாருக்கும் உற்சாகம் வருகிறது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நவம்பரில் அந்த நாட்டார் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்களாம். அப்போது தாலாட்டு பதினொன்றரைக்குத் தொடங்கியிருக்கும். அலுவலகத்தில் எனக்கு விழிப்பு ஒரு மணி நேரம் கூடியிருக்கும் என்பது சந்தோஷமே.

இந்த இடத்தில் ஊர்ப்பற்றினால் சிறிது ஆத்திரம் மேலிடுகிறது, மன்னிக்கவேண்டும். 82½ பாகை தீர்க்கரேகையை ஒட்டிய இந்திய நியம நேரம் 1906-இல் வழக்குக்கு வருவதற்கு முன்னால், இந்தத் தேசத்து ரயில் வண்டிகள் ஓடியது மதராஸ் நேரத்தை அனுசரித்துத்தான். இங்கிருந்த வானாராய்ச்சி நிலையத்தார் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த நேரம் அது. ஊரார் தத்தம் கடிகாரங்களைத் திருத்திக்கொள்ளும்பொருட்டுக் கோட்டையில் பீரங்கி முழக்கினார்கள். ஒரு தேசத்துக்கே நேரம் சொன்ன பட்டணத்தில் உட்கார்ந்திருப்பவனிடம், இப்போது நடுநிசி, பேசாமல் தூங்கு என்கிறது தங்கள் செயலி.

தூங்கக்கூடாத இடத்தில் தூங்கிய ஒருவரைப் பற்றி எங்கள் இலக்கியத்தில் ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. மோசிகீரனார் என்ற புலவர் சேர மன்னனின் அரண்மனைக்கு வழிநடைக் களைப்போடு சென்றபோது, வீரமுரசத்தை நீராட்ட எடுத்துப் போயிருந்தார்கள். முரசு இல்லாத கட்டிலை வெறும் படுக்கை என்று கருதி அவர் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அக்குற்றத்துக்கு வெட்டுத் தண்டனை விதித்திருக்கவேண்டிய மன்னன், அவரை எழுப்பாமல் கவரி எடுத்து வீசினான். நானும் முரசு கட்டிலில் இரண்டு வருஷம் உறங்கியிருக்கிறேன். என் முரசையும் யாரோ நீராட்டக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அங்கே முரசு திரும்பி வந்தது. எங்கள் மேனேஜரிடம் கவரியும் இல்லை. அவர் கையில் இருந்தது வட்டிக் கணக்கு.

ஆராய்ச்சி மணி கட்டிய சோழனின் கதையைச் சொல்லித் தங்களைச் சங்கடப்படுத்த எனக்கு எண்ணமில்லை. ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். கன்றை இழந்த அந்தப் பசு கொம்பால் மணியை அசைத்தபோது, அரசர் திரை நிறைய ஜன்னல் விரித்திருக்கிறார் என்றும், அது அவர் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை என்றும், அவருக்கு இப்போது வேறு கண்டத்து நடுநிசி என்றும் சொல்லி மூன்று காவலர்கள் மூன்று இடத்தில் மணியின் நாவைப் பிடித்துக்கொண்டிருந்தால், பசு என்ன நினைத்திருக்கும்? மணி உடைந்துவிட்டது என்றுகூட நினைத்திராது. அரசன் கேட்டும் கேளாதவன்போல் இருக்கிறான் என்றே நினைத்திருக்கும். நான்கு மணிக்கு மேனேஜரின் முகத்தில் நான் கண்டது அந்த நினைப்பைத்தான்.

ஆகவே என் பிரார்த்தனை மிகச் சிறியது. மௌனத்தை நீக்கவேண்டும் என்று நான் கோரவில்லை. என் கவனம் சிதறக்கூடாது என்பதில் தங்களுக்குள்ள அக்கறையை, என் தாயாருக்கு அடுத்தபடியாக, தங்களிடமே காண்கிறேன். வாயைப் பொத்துகிற ஒவ்வொரு கையும், பொத்தியது தான்தான் என்று எங்கேயாவது ஒரு வரி எழுதி வைக்கும்படி உத்தரவாகவேண்டும். "11.05-க்கு ஒரு செய்தி வந்தது, தாங்கள் நித்திரையில் இருப்பதாக எண்ணி நிறுத்தி வைத்தோம்" என்ற ஒரே வாக்கியம் திரையின் மூலையில் கிடந்திருந்தால், நான் உறங்கவில்லை என்பதை அக்கணமே தெரிவித்திருப்பேன். எங்கள் தொழிலில் எழுதியதை அடித்தால்கூட, அடித்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

நேர மண்டலத்தை நான் திருத்திவிட்டேன். கணக்குத் தாளைத் திரையில் சற்றே குறுக்கி வைத்திருக்கிறேன். மேனேஜரிடம் என்னைப் பெயர் சொல்லியே அழைக்கும்படி மன்றாடினேன். ஒரு வாரம் கூச்சத்தோடு முயன்று பார்த்துவிட்டு, இப்போது பெயரையும் எழுதிப் பக்கத்திலேயே "சார்" என்றும் சேர்க்கிறார்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
கணக்குக் குமாஸ்தா.

பின்குறிப்பு: இதற்குப் பதில் அருள்வதாயின் செயலி மூலம் அனுப்பவேண்டாம். பத்திலிருந்து ஆறுவரை அதே மேஜையில்தான் இருப்பேன். யாரையாவது நேரில் அனுப்பிவைத்தால், அவர் பக்கத்தில் வந்து நின்று ஒரு தடவை இருமினால் போதும்.