ரூம் இல்லாத இரவில் சம்பந்தியின் உரிமைகள்: பாரிவாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

பூந்தமல்லி–ஆவடி சாலையில் உள்ள பாரிவாக்கம், விருந்தினர் இயலுக்கு வாய்ப்பான களம். இவ்வட்டாரத்தில் கல்யாணம் கூடிவர மாங்காடு காமாட்சியை வேண்டிக்கொள்வார்கள். கூடிவந்ததைத் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலிலோ பூந்தமல்லி மண்டபத்திலோ நடத்துவார்கள். இடையில் ரூம் போடும் வேலை மட்டும் மனிதர்களிடம் விடப்பட்டுள்ளது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மாதிரிச் சூழல் இது: பெண் வீடு பாரிவாக்கம், மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி. நெடுஞ்சாலை லாட்ஜில் அட்வான்ஸ் கொடுத்துப் போட்டு வைத்த ஐந்து ரூம், இரவு பதினொரு மணிக்கு வேன் வந்து நிற்கையில் மூன்றாகியிருக்கிறது. மீதி இரண்டில் வேறொரு முகூர்த்தத்தின் சொந்தபந்தம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

2. முன்னோர் கருத்து

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் அட்வான்ஸ் வாங்கியபின் இடமில்லை என்பவரைப் பற்றி அதில் பேச்சில்லை. அப்படியொரு பிறவியை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, சத்திரங்களைக் காக்க வேண்டி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் இத்துறையின் மூல ஆவணம். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிக்குப் பேறுகாலப் பராமரிப்பு என்று அது அடுக்குகிறது. சாப்பிடாதவர் எவரும் எஞ்சியிருந்தால் வரட்டும் என்று நள்ளிரவில் மணியும் அடித்தார்கள். ஒரு காசும் வாங்காத இடத்தின் தரம் இது. காசு வாங்கிய இடத்தில் அதே நேரத்தில் மணியடித்தால் ரூம் பாய் எழுந்து வருவதே அபூர்வம்.

3. ரிசப்ஷன் வாசகங்கள்

அ) “பத்து நிமிஷம் சார்.” முன்பு தங்கியவர் இன்னும் காலி செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை.

ஆ) “சிஸ்டத்துல காட்டல சார்.” ஆன்லைன் புக்கிங்கும் மேசை மேலுள்ள நோட்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது.

இ) “எக்ஸ்ட்ரா பெட் போட்டுத் தர்றேன்.” பேச்சு முடிந்தது.

எதிர்த்தரப்பின் வாசகம் ஒன்றே ஒன்று: “நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் தெரியுமா?” இதனால் புதிதாக ரூம் முளைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

4. நியாயத்தின் எல்லை

டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்ற மறுத்தால், 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானமா, அதற்குப் பிறகா என்பதைப் பொறுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. லாட்ஜுக்கு இப்படி அட்டவணை இல்லை. எனவே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவை நாட வேண்டியிருக்கிறது. வாக்கு மீறினால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் பேசும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும் ஈடு கேட்கலாம். சுற்றிவளைத்து வரும் நஷ்டத்துக்குக் கேட்க முடியாது.

இதன்படி, பக்கத்தில் அதே தரத்தில் ரூம், கூடுதல் வாடகை, அங்கே போக வண்டிச் செலவு ஆகியவை நியாயம். அது வேண்டாமென்றால் அந்த ரூமுக்கான அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வேண்டும். தூக்கம் கெட்டதால் அத்தையின் முகம் கல்யாண ஆல்பத்தில் உப்பியிருப்பது சுற்றிவளைத்த நஷ்டம்; அதை அத்தைதான் தாங்க வேண்டும்.

லாட்ஜ் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்த படி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டும் அன்றிரவு படுக்க இடம் தராது.

5. முடிவு

73ஆம் பிரிவின் உயிர், ‘தெரிந்திருந்த’ என்பதில் இருக்கிறது. ரூம் போடும் அன்றே, “மாப்பிள்ளை வீட்டாருக்கு அஞ்சு ரூம், ராத்திரி பதினொன்னுக்கு வருவாங்க, விடியக்காலை முகூர்த்தம்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, “ஓகே சார்” என்ற பதிலை வாங்கிவிட்டால், லாட்ஜுக்கு எல்லாம் தெரிந்திருந்ததாக ஆகிவிடுகிறது. சொல்லாமல் போட்ட ரூமுக்கு இரவில் எவ்வளவு கத்தினாலும் இந்தப் பலம் வராது.

ஆகவே, ரிசப்ஷனுக்குத் தாய்மாமனை அனுப்புவதைவிட ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவது மேல் என்பது இவ்வாய்வின் துணிபு. இதைத் தாய்மாமனிடம் யார் எடுத்துச் சொல்வது என்பது மேலாய்வுக்கு உரியது.