மூன்று ‘ர்’ போட்ட வண்டி

தொல்காப்பியர் புல்லட் ஓட்டியதில்லை. ஓட்டியிருந்தால், ‘ட’ சொல்லுக்கு முதலில் வராது என்ற விதிக்குப் பக்கத்திலேயே ஒரு புறநடையும் எழுதியிருப்பார்.

1955-லிருந்து சென்னையில் உருவாகிவரும் அந்த வண்டியின் சத்தம் ‘டுபுடுபு’. பிரித்தால் பொருள் தராது. அந்த வகையில் அப்பழுக்கில்லாத இரட்டைக்கிளவி. முதலெழுத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. ‘இராமன்’ மாதிரி முன்னால் ஓர் இகரம் சேர்த்து ‘இடுபுடுபு’ என்று எழுதினாலோ புல்லட்டுக்கு விக்கல் வந்துவிடுகிறது.

புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் சிலிண்டரில் ஒரு வெடி. நின்றபடி உறுமும்போது நொடிக்கு ஏழெட்டு. அதனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். 1980-இல் வந்த டிவிஎஸ் 50 டூ ஸ்ட்ரோக். சுற்றுக்கு ஒரு வெடி. ‘டு’வுக்கும் ‘பு’வுக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லாமல் எல்லாம் ஒட்டிக்கொண்டு ‘டர்ர்ர்’ ஆகிவிடும். பின்னால் ஒரு மூட்டை நெல்லும் அதன்மேல் மச்சினனும் ஏறினால் இன்னும் இரண்டு ‘ர்’.

இங்கேதான் வில்லங்கம். ஒற்றளபெடையில் நீள்வதற்குப் பத்து மெய்களுக்கும் ஆய்தத்துக்கும்தான் நன்னூலில் அனுமதி. பட்டியலில் ‘ர்’ கிடையாது. ஆக, டிவிஎஸ் 50 தொடங்கியதும் குற்றம், நீட்டியதும் குற்றம். ஆர்எக்ஸ் 100 தப்பித்தது: ‘ஙொய்ங்ங்ங்’. ‘ங்’ தாராளமாக நீளலாம். ‘ங’ முதலில் வரவும் ‘ஙனம்’ ஒன்றை முன்னிட்டு நன்னூல் எழுதிய பவணந்தியார் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார். யமஹாக்காரர்கள் அவருக்கு ஒரு மாலையாவது போடலாம்.

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் எஞ்சின் சத்தத்துக்கே வணிகமுத்திரை கேட்டு 1994-இல் விண்ணப்பித்தது; போட்டியாளர்கள் எதிர்க்கவே 2000-இல் கைவிட்டது. அந்தச் சத்தத்தை அங்கே ‘பொட்டேட்டோ பொட்டேட்டோ’ என்கிறார்கள். பைக்கா, காய்கறி வண்டியா? நம் டுபுடுபு எவ்வளவோ தேவலை.

இப்போது பேட்டரி ஸ்கூட்டர் வந்து கதாசிரியர்கள் வயிற்றில் அடிக்கிறது. நாயகன் வாசலில் வந்து நிற்பது நாயகிக்கு எப்படித் தெரியும்? அவனே போன் போட்டுச் சொன்னால்தான் உண்டு.

பிழைதிருத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘டர்ர்ர்’ என்று எழுதி அனுப்பினால் ‘டர்’ என்று அச்சாகிறது. அது வண்டி கிளம்பும் சத்தமல்ல, வேட்டி கிழியும் சத்தம். மூன்று ‘ர்’ரையும் விட்டுவையுங்கள். பெட்ரோல் செலவு என்னுடையது.